திருத்தணி வெயிலில் ஒரு டெவலப்பரின் மேசை

மென்பொருள் எழுதுகிறவருக்கு வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. ஒரு மடிக்கணினி, கூடவே பெரிய திரை, விசைப்பலகை, இணைய இணைப்பு, மின்சாரம். கணினிக்குள் ஓர் இயங்குதளம், நிரல் எழுத ஓர் எடிட்டர், எழுதியதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. பெங்களூரிலும் பெர்லினிலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். இதில் எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். கோடையில் தமிழகத்தின் வெப்பநிலைப் பட்டியலில் அடிக்கடி முன்வரிசைக்கு வந்துவிடும் திருத்தணியில், கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் ப்ராசஸரைவிட அறையின் சூடும் மின்தடையும் நினைவகத்தின் அளவும்தான் அன்றாட வேலையைத் தீர்மானிக்கின்றன.

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது திருத்தணி. சென்னையின் புறநகர் மின்சார ரயில் இவ்வூர் வரை வருகிறது. அதே பாதையில்தான் ஐ.டி. அலுவலகங்கள் முளைத்துள்ள அம்பத்தூரும், 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்ட பட்டாபிராமும் உள்ளன. 2020-இன் ஊரடங்கு, வேலையை வீட்டுக்கே அனுப்பி வைத்தது. பிறகு பல நிறுவனங்கள் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற முறைக்கு வந்தன. ஆகவே இங்கிருந்து வேலை செய்யும் டெவலப்பரின் கணினி சில நாள் ரயிலில் மடியிலும், சில நாள் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலும் ஓட வேண்டியிருக்கிறது.

இதனால் மேசைக் கணினியா மடிக்கணினியா என்ற கேள்வி பெரும்பாலும் முன்பே முடிந்துவிடுகிறது. அதே விலைக்கு மேசைக் கணினி கூடுதல் வேகம் தரும், குறைவாகச் சூடாகும், பழுதானால் பாகத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் கரண்ட் போனால் அது அணைந்துவிடும். மடிக்கணினியின் பேட்டரி அதற்குள்ளேயே இருக்கும் ஒரு யு.பி.எஸ்.; தூக்கிக்கொண்டு போகவும் முடியும். தினமும் தோளில் சுமப்பவருக்கு எடை முக்கியம். 14 அங்குலத் திரையுள்ள சாதாரண மடிக்கணினி ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். விளையாட்டுக்கென விற்கப்படும் ‘கேமிங்’ மடிக்கணினி இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் சார்ஜர் தனிச் சுமை. பொறியியல் மாணவர்களின் பெற்றோரிடம் இந்த இரண்டாவது வகையையே பல கடைகள் தள்ளிவிடுகின்றன. அதில் இருக்கும் தனி கிராஃபிக்ஸ் அட்டை, விளையாட்டு உருவாக்குபவருக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தன் கணினியிலேயே பயிற்றுவிப்பவருக்கும் பயன்படும். இணையதளமோ கைபேசிச் செயலியோ எழுதுபவருக்கு அது வெறும் சூடும் எடையும்தான்.

ப்ராசஸரைப் பொறுத்தவரை, கடந்த சில ஆண்டுகளில் வந்த நடுத்தர இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சில்லு எதுவானாலும் போதும். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சில்லைக் கொண்டுவந்ததற்குப் பிறகு, குறைந்த மின்சாரத்தில் நாள் முழுக்க ஓடும் மடிக்கணினி என்பது சாத்தியமாயிற்று. வசதி உள்ளவர்களும், அலுவலகம் வாங்கித் தருபவர்களும், ஐபோன் செயலி எழுதுபவர்களும் அந்தப் பக்கம் போகிறார்கள். ஐபோன் செயலிக்குத் தேவையான எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும் என்பதால் கடைசி வகையினருக்கு வேறு வழியும் இல்லை.

பணத்தை உண்மையில் போட வேண்டிய இடம் நினைவகம். ராம் என்பது சமையல் மேடை மாதிரி. வட்டு என்பது பொருள்கள் அடுக்கிய ஸ்டோர் ரூம். மேடை சின்னதாக இருந்தால், எவ்வளவு கைவேகம் உள்ளவரும் ஒவ்வொரு டப்பாவுக்கும் உள்ளே போய்த் திரும்ப வேண்டியதுதான். கணினியும் ராம் நிரம்பியதும் அதில் உள்ளதைப் பகுதி பகுதியாக வட்டில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது மறுபடி ஏற்றும். திரை உறைந்து நிற்பதுபோல் தோன்றும் தருணங்களில் பல இப்படிப்பட்டவை. ஒரு டெவலப்பர் சாதாரணமாக எடிட்டர், இருபது முப்பது தாவல்கள் திறந்த உலாவி, ஒரு தரவுத்தளம், சோதனைக்கான சர்வர், வீடியோ கூட்டம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பார். இதற்கு 8 ஜிபி திணறும். 16 ஜிபி தாங்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் அதனுடன் கைபேசியைப் போல நடிக்கும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டுபவர் 16 ஜிபிக்குக் கீழே போகவே கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ராமைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது இருக்கும் அளவுதான் கடைசிவரை. ஸ்லாட் இருக்கும் மாடல் என்றால், சென்ட்ரலில் ரயில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ராம் குச்சி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய வணிக மடிக்கணினிகளைச் சரிசெய்து விற்கும் கடைகள் அங்கே நிறைய. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குப் புதிய மலிவு மாடலைவிட இவை மேல் என்று துணிந்து சொல்லலாம். திருகாணியைக் கழற்றினால் உள்ளே பலவும் மாற்றக்கூடியவையாக இருக்கும்.

வட்டு விஷயம் சுருக்கமானது. சுழலும் தகட்டின்மேல் ஊசி நகர்ந்து தேடும் ஹார்டு டிஸ்க்கை இனி யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நிரல் திட்டம் ஒன்று பல்லாயிரம் சின்னக் கோப்புகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஊசி இடம் மாற வேண்டியிருந்தால் ஒரு சின்ன மாற்றத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். நகரும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. இந்தக் காத்திருப்பைத் துடைத்துவிட்டது. பத்து வருடப் பழைய கணினியில்கூட எஸ்.எஸ்.டி. போட்டால் ஆளே மாறிவிடும்.

இனி வெயில். வானிலை ஆய்வு மையத்தின் கோடைக்கால அறிக்கைகளில், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் வரிசையில் வேலூரோடும் மதுரையோடும் திருத்தணியின் பெயரும் வருவது வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி. அந்த 100 டிகிரி என்பது ஏறக்குறைய 38 செல்சியஸ். மே மாதத்தில் இவ்வூர் 40 செல்சியஸைக் கடப்பது அதிசயமல்ல. மடிக்கணினிகளின் விவரக் குறிப்பேட்டைப் புரட்டினால், பலவற்றில் இயங்கும் சூழலின் உச்ச வெப்பநிலை 35 செல்சியஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது, ஆண்டின் சில வாரங்கள் திருத்தணியின் சாதாரண அறை ஒன்று தயாரிப்பாளர் போட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது.

எல்லை தாண்டினால் கணினி வெடித்துவிடாது; மெதுவாகும். ப்ராசஸரின் சூட்டை உலோகக் குழாயும் மின்விசிறியும் வெளிக்காற்றில் தள்ளுகின்றன. எவ்வளவு தள்ள முடியும் என்பது சில்லுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் 85 டிகிரியில் ஓடும் சில்லு, அதே வேலையை 40 டிகிரி அறையில் செய்தால் 100-ஐ நெருங்கும். அந்த இடத்தில் பெரும்பாலான ப்ராசஸர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியில் மூன்று நிமிடத்தில் முடிந்த நிரல் தொகுப்பு கத்திரி வெயிலில் நீளுவதன் காரணம் இதுதான். நிரலில் தவறு தேடிப் பயனில்லை.

பரிகாரங்கள் எளியவை. கணினியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைக்காமல், அடியில் காற்று போகும்படி ஒரு தாங்கியில் உயர்த்தி வைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, தெருப் புழுதி அடைத்த விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பக் களிம்பை மாற்றுவது. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை கீழே விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், நீண்ட நேரம் ஓடும் கனமான வேலைகளை விடியற்காலைக்குத் தள்ளுவது. குளிர்சாதனம் இருந்தால் இவற்றில் பாதி தேவையில்லை. ஆனால் அதை இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது என்பதால் மின்தடையின்போது பழைய கதைதான்.

சூடு பேட்டரியையும் தின்கிறது. லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவை இரண்டு: வெப்பம், எப்போதும் 100 சதவீதம் நிரம்பியபடியே இருப்பது. சார்ஜரைக் கழற்றாமல் சூடான அறையில் வேலை செய்பவரிடம் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. மூன்றாம் ஆண்டில் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கி நிறுத்தும் காட்சி பழுதுபார்க்கும் கடைகளுக்குப் புதிதல்ல. பெரும்பாலான நிறுவனங்களின் மடிக்கணினிகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை ஒருமுறை தட்டிவிட்டால் போதும்.

மின்சாரத்துக்கு வருவோம். மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு நாள்களில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகலில்தான் வரும். கோடை மழையின்போது சொல்லாமலும் போகும். மடிக்கணினியின் பேட்டரி பொதுவாக 50 வாட்-மணியை ஒட்டியது. திரையின் ஒளியைக் குறைத்து வைத்துக்கொண்டால் ஐந்தாறு மணி நேரம், கனமான வேலை செய்தால் இரண்டு மணி நேரம். ஆனால் கரண்ட் போனதும் முதலில் சாவது கணினி அல்ல, ரவுட்டர். அது மறுபடி உயிர்பெற்று இணைப்பைப் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் வீடியோ கூட்டத்திலிருந்து ஆள் காணாமல் போயிருப்பார். 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டருக்கென்றே கையடக்கமான சிறு யு.பி.எஸ். விற்கிறார்கள். இந்தப் பட்டியலில் விலைக்கு அதிகப் பலன் தரும் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. முழுக்க வடிக்கக் கூடாது, மாற்றும்போது இழப்பும் உண்டு. ஆயிரம் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி 50 வாட், 24 அங்குலத் திரை 25, ரவுட்டர் 10, பி.எல்.டி.சி. மின்விசிறி 30, விளக்கு 10 என்றால் மொத்தம் 125 வாட். எட்டு மணி நேரம் ஓடும், அதாவது ஒரு முழு வேலை நாள். பழைய வகை மின்விசிறி ஒன்றே 70 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால், விசிறியை மாற்றுவதும் டெவலப்பரின் கணினி ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். இன்வெர்ட்டரின் இந்த ஈய-அமில பேட்டரியும் சூட்டுக்குத் தப்பவில்லை: சூழலின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் டிஸ்டில்ட் வாட்டர் குறைவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எர்த் இணைப்பு பலரும் மறந்துவிடும் விஷயம். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொட்டால் விரலில் மெல்லச் சுர்ரென்று ஏறும் உணர்வு, சார்ஜரிலிருந்து கசியும் மிகச்சிறிய மின்னோட்டம். மூன்று முள் ப்ளக்கும் அதற்குப் பின்னால் உண்மையிலேயே மண்ணில் இறங்கும் எர்த்தும் இருந்தால் அது மறைந்துவிடும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பல சமயம் சும்மா துளையாகவே இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வது கணினிக்கு மட்டுமல்ல, குளிர்பதனப் பெட்டிக்கும் நல்லது.

திரையும் நாற்காலியும் உடம்பைப் பொறுத்தவை. 24 அங்குலத் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். கால் தரையில் பதிய வேண்டும். தமிழ் எழுத்துகளோடு வேலை செய்பவருக்குக் கூடுதல் பிக்சல் அடர்த்தியுள்ள திரை வீண் ஆடம்பரம் அல்ல: சின்ன எழுத்தில் ‘க’வுக்கும் ‘க்’குக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. மலிவுத் திரையில் அது மங்கிப்போகும்.

இணையத்தில் பலரும் வேகத்தின் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். கண்ணாடி இழை வழியாக வரும் 50 அல்லது 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு ஒரு டெவலப்பருக்குத் தாராளம். வீடியோ கூட்டம் ஒன்று எடுத்துக்கொள்வது சில எம்.பி.பி.எஸ். மட்டுமே. இணைப்பு அறுந்தால் என்ன மாற்று என்பதுதான் பெரிய கேள்வி. வழக்கமான மாற்று, கைபேசியின் ஹாட்ஸ்பாட். அந்த சிம் வேறு நிறுவனத்துடையதாக இருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தின் கேபிள் தோண்டப்பட்டால் இரண்டும் சேர்ந்தே போகக்கூடும். கைபேசிக் கோபுரத்தின் திறன் அதன்கீழ் நிற்கும் எல்லோருக்கும் பொதுவானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு லட்சக்கணக்கானோர் மலையடிவாரத்தில் கூடும் நாளில் ஹாட்ஸ்பாட்டை நம்பி முக்கியமான கூட்டம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. வீட்டுக்கு வரும் இழையை அந்தக் கூட்டம் தொடாது. சுற்றியுள்ள கிராமங்களைப் பொறுத்தவரை, மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம்தான் நம்பிக்கை.

கணினிக்குள் போனால் முதலில் இயங்குதளம். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் விண்டோஸா மேக்கா என்பதை அலுவலகமே முடிவு செய்திருக்கும். எதை நிறுவலாம், எதை நிறுவக்கூடாது என்பதையும். சொந்தக் கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் வேண்டியிருக்கிறது. ஏனெனில் எழுதிய நிரல் கடைசியில் போய் ஓடும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்த பிறகு, இரண்டுக்கும் இடையே அலைவது குறைந்தது. 2004 முதல் வரும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகிறது. ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தின் காக்களூரில்தான். மாணவர்களுக்குக் கிடைத்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். திறந்து பார்த்தவர்களுக்கு அது பணம் கட்டாத பயிற்சிக்கூடம்.

நிரல் எழுதும் எடிட்டர் குறித்து நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. வி.ஐ. எடிட்டரும் ஈமேக்ஸும் 1976-இலேயே வந்தவை; வி.ஐ.யின் வாரிசான விம் இன்றும் சர்வர்களில் தவறாமல் இருக்கிறது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வெளியிட்ட வி.எஸ். கோடு, புதிதாக வருபவர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எதைத் தேர்ந்தாலும் சில மாதங்களில் கை பழகிவிடும் என்பதால் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. எடிட்டருக்குள் இப்போது புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: அவற்றுக்கு விலையுயர்ந்த கணினி வேண்டும் என்று. அவற்றில் பெரும்பாலானவை தொலைவிலுள்ள சர்வரில் ஓடுபவை. இங்கே வேண்டியது இணையம் மட்டும். அவை எழுதித் தரும் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுப்பு மட்டும் இங்கேயே இருக்கிறது.

எழுதிய நிரலைப் பாதுகாப்பது கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் பணிக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதும், 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கருவி இது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம். முக்கியமான சிறப்பு, மொத்த வரலாறும் ஒவ்வொருவரின் கணினியிலும் முழுதாக இருப்பது. மின்சார ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் வேலை நிற்காது. மாற்றங்களைத் தன் கணினியிலேயே பதிந்துகொண்டு, இணைப்பு நிலையாகக் கிடைத்ததும் கிட்ஹப் போன்ற பொது இடத்துக்கு அனுப்பிவிடலாம். இப்படி ஒரு பயணத்தில் பாதி வேலையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு, உட்கார இடம் கிடைத்தால்.

‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்பது இத்தொழிலின் பழைய புலம்பல். ஒருவரிடம் ஒரு பதிப்புத் தரவுத்தளம், இன்னொருவரிடம் வேறு பதிப்பு; நிரல் அங்கே ஓடும், இங்கே விழும். 2013-இல் வந்த டாக்கர் இதற்கு ஒரு வழி கண்டது. நிரலையும் அது சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, எந்தக் கணினியிலும் அதே நிலையில் ஓட வைக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இதற்குள் ஒரு சிறு லினக்ஸே தனியாக ஓடுகிறது என்பதால் நினைவகம் இன்னும் கரையும்; 16 ஜிபி வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு பொட்டலமும் சில நூறு எம்.பி. இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டா அதோடு சரி.

எல்லையோர ஊரில் எழுதப்படும் மென்பொருளுக்குத் தமிழும் தெலுங்கும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; ம.பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். கடைகளிலும் வீடுகளிலும் இன்றும் இரு மொழிகளும் புழங்குகின்றன. ரசீது அச்சிடும் ஒரு சின்னச் செயலியாக இருந்தாலும் இரண்டு மொழிப் பெயர்களும் உள்ளே வரும்.

இங்கேதான் ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட நிரல்கள் தடுமாறுகின்றன. ‘திருத்தணி’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறியீடுகள்: தகரம், இகரக் குறி, ரகரம், உகரக் குறி, தகரம், புள்ளி, தகரம், ணகரம், இகரக் குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் வட்டில் 27 பைட். நீளத்தைக் கேட்டால் ஒரு நிரல்மொழி 9 என்னும், இன்னொன்று 27 என்னும். 5 என்ற விடை சும்மா கிடைக்காது. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கிய தரவுத்தளம் பைட்டுகளை எண்ணுவதாக இருந்தால் ஊர்ப் பெயரே உள்ளே நுழையாது. குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. நீளும் செய்தி இரண்டாக எண்ணப்பட்டுக் கட்டணமும் இரட்டிக்கும். பி.டி.எஃப். உருவாக்கும் சில நிரலகங்களுக்கு எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. யூனிகோடில் மெய்க்குப் பின்னால் பதியப்படும் ஒற்றைக் கொம்பை அப்படியே பின்னால் அச்சிட்டுவிடும். தெலுங்கில் ஒத்தெழுத்துகள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதால் வரி உயரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே இரு மொழிகளுக்கும் நல்ல யூனிகோடு எழுத்துருக்களும், சோதனைக்கென வேண்டுமென்றே தேர்ந்த நீளமான பெயர்களின் பட்டியலும் இந்த ஏற்பாட்டில் இருக்க வேண்டியவை.

தமிழைத் தட்ட, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசையமைப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு; ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ‘திருத்தணி’யை எட்டு விசைகளில் முடிக்கலாம். ஆங்கில ஒலிப்பில் தட்டினால் பன்னிரண்டை ஒட்டி ஆகும். ஆனாலும் பெரும்பாலோர் ஒலிப்பு முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரப் பழக்கத்துக்குச் சோம்பல்.

கடைசியாக, தொலைந்துபோவதைப் பற்றிய ஏற்பாடு. ரயிலில் பை போனால் போவது கணினி மட்டுமல்ல, அதிலுள்ள வாடிக்கையாளர் தரவும்தான். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகிய வசதிகள் வட்டு முழுவதையும் பூட்டிவிடும். கடவுச்சொல் இல்லாதவருக்கு அது வெறும் சத்தம். மீட்புச் சாவியை அதே கணினியில் சேமிக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். நிரலைக் கிட் பார்த்துக்கொள்ளும் என்பதால் நகல் எடுக்க வேண்டியவை அது தொடாத பொருள்கள்: தரவுத்தளத்தின் உள்ளடக்கம், சர்வருக்குள் நுழையும் சாவிகள், அமைப்புக் கோப்புகள், வரைபடங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. கணினியில் ஒன்று, பீரோவில் வைக்கும் வெளி வட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் பூட்டிய நிலையில் ஒன்று. வெளி வட்டை இன்வெர்ட்டருக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கக் கூடாது. அந்த மூலைதான் பெரும்பாலும் வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம்.